அவள எதுக்கு தடுத்தாங்க? காஸ்ட்யூம் கேள்வி பதில்

பீரியட் படங்கள்ல, அதாவது பழைய காலத்துல நடக்குற கதைப் படங்கள்ல, வர்ற உடைகள் பத்தி போன இதழ்ல எழுதினதுக்கு வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி ஒரே விஷயத்தத்தான் கேக்குது, பெண் விடுதலைய ஒரு உடைல எப்படி காட்றதுன்னு. அதனால இந்த தடவ மத்த கேள்விகள ஒதுக்கி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் ஃபேஷன் டிசைன் படிக்கிறேன். ஒரு பீரியட் படத்துக்கு காஸ்ட்யூம் பண்ணணும், தீம் பெண் விடுதலை. ஹீரோயினுக்கு முதல் பாதில முக்காடு போட்ட டல் கலர் சேலை, ரெண்டாவது பாதில சிவப்பு கலர்ல ஸ்லீவ்லெஸ் ரவிக்கைன்னு ஸ்கெட்ச் போட்டேன். எங்க மேடம் பாத்துட்டு எல்லாரும் இதத்தான் கொண்டு வர்றீங்கன்னுட்டாங்க. நான் என்ன மாத்தணும்? (மாணவி, திருப்பூர்)

பதில்: நீங்க வரைஞ்சிருக்குறது இன்னைக்கு நம்ம கண்ணுக்கு எது சுதந்திரமா தெரியுதோ அதம்மா. அந்தக் காலத்துல வாழ்ந்த அந்தப் பொண்ணுக்கு எது தடையா இருந்துச்சுன்னு உங்க ஸ்கெட்ச்ல எங்கயும் இல்ல. டைரக்டர்கிட்ட கதை கேட்டதும் நான் முதல்ல கேக்குறது இதத்தான், இவள எதெதுக்கு தடுத்தாங்க? வாசல் தாண்டவா, செருப்பு போடவா, மாராப்பு போடவா, சேலைய கணுக்கால் வரைக்கும் இறக்கி கட்டவா, கைல காசு வச்சுக்கவா? இதுக்கு பதில் ஊருக்கு ஊரு, சாதிக்கு சாதி, காலத்துக்கு காலம் மாறும். 19-ம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஒருத்திக்கு இடுப்ப இறுக்கி கட்டுற கார்செட்ட கழட்டுறது விடுதலையா இருந்திருக்கலாம், அதே நூற்றாண்டுல தெற்கு திருவிதாங்கூர்ல ஒருத்திக்கு ஒரு துணிய எடுத்து மார்ல போட்டுக்குறதுதான் விடுதலை, அதுக்கு அவ அடியும் வாங்கினா. ரெண்டு பேருக்கும் ஒரே சிவப்பு ஸ்லீவ்லெஸ் எப்படி பொருந்தும்?

இன்னொண்ணு, பழைய கட்டுன்னாலே கால கட்டிப்போடுறதுன்னு நினைச்சுடாதீங்க. செட்டிநாட்டுப் பக்கம் கண்டாங்கி சேலைய பின்கொசுவம் வச்சு கணுக்காலுக்கு மேல ஏத்தி கட்டுவாங்க, உள்பாவாடை கிடையாது, கொசுவம் பின்னால போயிடுறதால கால் தடுக்காது, வயல்ல இறங்கலாம் கிணத்துல இறைக்கலாம். இன்னைக்கு நாம நாகரிகம்னு கட்டுற முன்கொசுவ சேலைய கட்டிக்கிட்டு அதே வேலைய செஞ்சு பாருங்க, பின்கொசுவம் கட்டினவ எவ்ளோ சுலபமா நடமாடியிருப்பான்னு உங்களுக்கே தெரியும். அதே மாதிரி பழைய ரவிக்கைல அக்குள் பக்கம் சதுரமா ஒரு துண்டு துணி வச்சு தைச்சிருப்பாங்க, கைய முழுசா தூக்க விடுறது அந்த துண்டுதான். இப்ப நாம தைக்கிற ஃபிட்டிங் பிளவுஸ்ல அது போயே போச்சு, கைய தூக்குனா பிளவுஸே மேல ஏறுது. உங்க ஹீரோயினுக்கு அந்த துண்ட வச்சு தைங்க. லுக் டெஸ்ட்ல அவங்கள நிக்க வச்சு போட்டோ எடுக்குறதோட விட்டுடாதீங்க, குடத்த தூக்க சொல்லுங்க, படி ஏற சொல்லுங்க, உக்காந்து எந்திரிக்க சொல்லுங்க. முதல் பாதி உடைல எந்த வேலை முடியல, ரெண்டாவது பாதி உடைல எது முடியுதுன்னு பாருங்க, உங்க டிசைன் அங்கதான் இருக்கு. கலர அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.

கேள்வி: மேடம், மணலூர் மணியம்மை வாழ்க்கைய வச்சு 40 நிமிஷ படம் ஒண்ணு எடுக்கப் போறோம். அவங்க வேட்டி, ஜிப்பா போட்டவங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால காஸ்ட்யூம் ஈசின்னு டீம்ல சொல்றாங்க, எனக்கு அப்படி தோணல. (இயக்குநர், மன்னார்குடி)

பதில்: உங்களுக்கு தோணுறதுதான் சரி தம்பி, நான் பாத்ததுலயே கஷ்டமான காஸ்ட்யூம்கள்ல இது ஒண்ணு, இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். தெரியாத வாசகர்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். கீழத்தஞ்சைல பிராமண குடும்பத்துல பொறந்தவங்க, சின்ன வயசுலயே கணவர இழந்தவங்க, முதல்ல காங்கிரஸ், அப்புறம் கம்யூனிஸ்ட் கட்சி, பண்ணையாட்களுக்காக பண்ணையார்கள எதுத்து நின்னவங்க, சிலம்பம் கத்துக்கிட்டவங்க. முடிய கிராப் வெட்டிக்கிட்டு வேட்டியும் அரைக்கை ஜிப்பாவும் போட்டு தோள்ல துண்டோட ஊர் ஊரா போனாங்க. 1953-ல ஒரு மான் முட்டி இறந்து போனாங்க.

இப்ப உங்க பிரச்சனைய பாருங்க. அந்தக் காலத்துல அந்த வீடுகள்ல கணவர இழந்தவங்களுக்கு உடைல கலர் கிடையாது, கரை கிடையாது, பல வீடுகள்ல ரவிக்கையும் கிடையாது, முடிய மழிச்சுட்டு முக்காடு போட்டு உள்ள உக்கார வச்சுடுவாங்க. அந்தக் கோலத்துலேர்ந்து வெளிய வந்தவங்க போட்டதும் வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, வெட்டின முடி. அதாவது வெள்ளைலேர்ந்து வெள்ளைக்கு போறாங்க, முடி இல்லாத கோலத்துலேர்ந்து முடி வெட்டின கோலத்துக்கு போறாங்க. டல் கலர்லேர்ந்து பளிச் கலர்னு போற ஃபார்முலா இங்க எடுபடாது. ஒரு வெள்ளை அவங்க மேல சுமத்தினது, இன்னொரு வெள்ளை அவங்களா எடுத்துக்கிட்டது, இந்த வித்தியாசத்த ஆடியன்ஸ் கண்ணு உணரணும்.

நான் பண்றதா இருந்தா முதல் வெள்ளைக்கு வெளுக்காத மெல்லிசு பருத்திய எடுத்து டீ டிகாஷன்ல நல்லா முக்குவேன், பழுப்பேறி உடம்போட ஒட்டி தொய்ஞ்சு விழணும், கஞ்சி போடவே கூடாது, ஓரத்துல தையல் இல்லாம விட்டுடணும். ரெண்டாவது வெள்ளைக்கு கதர், கொஞ்சம் முரட்டு நூல், துவைச்சு நீலம் போட்டு கஞ்சி போட்டு வெயில்ல காய வச்சது. துணி உடம்ப விட்டு கொஞ்சம் தள்ளி விறைப்பா நிக்கணும், நடந்தா சரசரன்னு சத்தம் வரணும், அந்த சத்தத்த உங்க சவுண்ட் ஆள்கிட்ட தனியா ரெக்கார்ட் பண்ண சொல்லுங்க. கேமராவுக்கு சுத்த வெள்ளை ஆகாது, வெயில்ல வெளுத்துப் போய் துணியோட மடிப்பே தெரியாது, அதனால இதையும் லைட்டா ஒரு டீ முக்கு முக்கி அதுக்கு மேல நீலம் போடுங்க.

ஜிப்பா தைக்கும்போது டெய்லர் கண்டிப்பா மார்பு பக்கம் டாட் (வளைவு வர்றதுக்கு துணிய மடிச்சு போடுற தையல்) பிடிக்கட்டுமான்னு கேப்பாரு, லேடீஸ்க்குத்தானேன்னு சொல்வாரு. வேண்டாம். டாட் பிடிச்சா அது பொம்பளைக்குன்னு தைச்ச குர்தா ஆயிடும். ஆம்பளைங்களுக்கு தைக்கிற டெய்லர்கிட்டயே ஆம்பளை கட்டிங்ல தைங்க, தோள் தையல் அரை இஞ்ச் கீழ இறங்கி நிக்கட்டும். உள்ள இன்னைக்கு கடைல விக்கிற பேட் வச்ச பிரா போட்டா மேல என்ன பீரியட் துணி போட்டாலும் பிரயோஜனம் இல்ல, அந்தக் கால உள்பாடி மாதிரி காட்டன்ல ஒண்ணு தைச்சு குடுங்க. அப்புறம் பாக்கெட். பாக்கெட் இல்லாத புடவைலயே வளந்த ஒருத்திக்கு காசு, நோட்டீசு, பேனா வச்சுக்க ஒரு பாக்கெட் வருது. நடிக்கிறவங்ககிட்ட அந்த பாக்கெட்ட நெஜமாவே யூஸ் பண்ண சொல்லுங்க, ஷூட்டிங் முழுக்க அதுல பொருள் இருக்கட்டும், அந்த கனத்துல துணி ஒரு பக்கம் இழுத்து தொங்குறதே பாக்க நல்லாருக்கும்.

துண்டு ரொம்ப முக்கியம். கீழத்தஞ்சை பண்ணைகள்ல கூலியாட்கள் துண்ட தோள்ல போடக் கூடாது, பண்ணையார பாத்தா இடுப்புல கட்டணும். அதே ஊர்ல மணியம்மை தோள்ல துண்டோட பண்ணையார் வாசல்ல நிக்கிறாங்கன்னா அது ஒரு பொண்ணு ஆம்பளை வேஷம் போட்டதா மட்டும் முடியல, யாருக்காக பேச வந்தாங்களோ அவங்களுக்கு மறுத்த துணிய போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாங்க. தயவு செஞ்சு அந்த துண்ட சும்மா ஸ்டைலுக்கு போட்டு விட்டுடாதீங்க.

அதோட உங்க படத்துல விடுதலை மணியம்மை உடம்புல மட்டும் தெரிஞ்சா பத்தாது, கூட்டத்துல நிக்கிற பொம்பளைங்கள பாருங்க. சேலை முழங்காலுக்கு கீழ இறங்கக் கூடாது, ரவிக்கை போடக் கூடாதுன்னு பல பண்ணைகள்ல கட்டுப்பாடு இருந்த காலம் அது. 1943-ல தென்பரைல விவசாய சங்கம் ஆரம்பிக்குது, கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாச ராவ் தலைமைல சங்கம் பரவுது, 1944-ல மன்னார்குடி ஒப்பந்தத்துல பண்ணையாட்களுக்கு தண்டனையா இருந்த சவுக்கடியும், சாணிய கரைச்சு குடிக்க வைக்கிற சாணிப்பாலும் ஒழியுது. அதுக்கு முன்னாடி நடக்குற சீன்ல ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் எல்லாருக்கும் சேலை முழங்காலோட நிக்கட்டும், அதுக்கு அப்புறம் சீனுக்கு சீன் சிலருக்கு மட்டும் ரெண்டு ரெண்டு இஞ்ச் இறக்குங்க, முதல்ல இளசுகளுக்கு, கடைசிலதான் வயசானவங்களுக்கு. ஒரு கிழவி மட்டும் கடைசி வரைக்கும் ஏத்தியே கட்டியிருக்கட்டும், பயம் அவ்ளோ சீக்கிரம் போகாது. வசனம் எதுவும் வேண்டாம். உங்க காஸ்ட்யூம் அசிஸ்டண்ட்ட ஒவ்வொரு ஆளுக்கும் சேலை ஓரம் எங்க நிக்குதுன்னு கன்டினியூட்டி நோட்டுல எழுதி வைக்க சொல்லுங்க, சேலை தானே கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா என்னன்னு விட்டா அவ்வளவும் வீணாப் போயிடும்.

கண்ணாடி முன்னாடி நின்னு புதுசா வேட்டி கட்டி பாத்துக்குற சீன் ஸ்கிரிப்ட்ல இருந்தா எடுத்துடுங்கன்னு கெஞ்சி கேக்குறேன். வரப்புல நடந்து வர்ற ஷாட்லயே அந்த உடைல காட்டுங்க, ஊர்க்காரங்க எப்படி பாத்தாங்களோ அப்படியே நாமளும் பாக்கலாம்.

கேள்வி: எங்க ஹீரோயின் முடி வெட்ட மாட்டேன்னு சொல்றாங்க. விடுதலை பேசுற படத்துல நடிச்சுட்டு முடிக்கு பயந்தா எப்படின்னு டைரக்டர் கோவப்படுறாரு. (உதவி இயக்குநர், சென்னை)

பதில்: அவங்க முடி, அவங்கதான் முடிவு பண்ணணும். ஒரு பொண்ண கட்டாயப்படுத்தி முடி வெட்ட வச்சு பெண் விடுதலை படம் எடுக்குறத என்னால ஒத்துக்கவே முடியாது. நல்ல விக் மேக்கர்கிட்ட லேஸ் வச்ச கிராப் விக் சொல்லுங்க, பட்ஜெட் இல்லன்னா முன் நெத்தி முடி தெரியாம தலப்பாவோ துண்டோ வச்சு ஷாட்ட பிரிச்சுக்கலாம்.

கேள்வி: வணக்கம். தோள்சீலைப் போராட்டம் பத்தி படம் எடுத்தா பெண்கள எப்படி காட்டணும்? இப்ப வர்றவங்க அத ஒரு கவர்ச்சி விஷயமா ஆக்கிடுவாங்களோன்னு பயமா இருக்கு. எங்க பாட்டிமாரோட கதை இது. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: உங்க பயம் நியாயமானதும்மா. இன்னைக்கு கன்னியாகுமரி மாவட்டமா இருக்குற பகுதி அன்னைக்கு தெற்கு திருவிதாங்கூர். நாடார் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்ப மறைக்கக் கூடாதுங்குறது அங்க சாதிக் கட்டுப்பாடு. 1814-ல அங்க பிரிட்டிஷ் அதிகாரியா இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவங்களா மாறின பெண்கள் குப்பாயம், அதாவது தைச்ச மேல்சட்டை, போட்டுக்கலாம்னு உத்தரவு போட்டாரு, ஆனா மேல்சாதிப் பெண்கள் மாதிரி தோள்ல மேல்சீலை போட அனுமதி இல்ல. அதுக்கப்புறமும் சந்தைல, தெருவுல துணிய கிழிச்சாங்க, அடிச்சாங்க, 1820-கள்லயும் கலவரம், 1858-59லயும் கலவரம். கடைசில சென்னை கவர்னர் ட்ரெவெல்யன் நெருக்கடி குடுத்த பிறகு 1859 ஜூலை 26-ம் தேதி மகாராஜா அறிவிப்பு விட்டாரு. அதுலயும் பாருங்க, குப்பாயம் போடலாம், முரட்டுத் துணி போடலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் மாதிரி போடக் கூடாதுன்னு ஒரு நிபந்தனை.

இந்த நிபந்தனைதான் காஸ்ட்யூமருக்கு ஆதாரம். சண்டை மறைக்கிறதா வேண்டாமாங்குறதோட நிக்கல, எந்த துணி, எந்த மாதிரி போடுறது, யார மாதிரி போடுறதுங்குறது வரைக்கும் போச்சு. அதனால உங்க படத்துல மேல்சாதிப் பெண்ணோட மேல்சீலை மெல்லிசா, நல்ல வெளுப்பா, ஒரு தோள்ல மடிச்சு விழணும், நம்ம பெண்ணோட குப்பாயம் முரட்டு துணில லூசா தொளதொளன்னு இருக்கணும். அதுக்கும் மேல அவ தோள்சீலை எடுத்து போடும்போது எந்த கோட்ட தாண்டுறான்னு ஆடியன்ஸுக்கு கண்ணாலயே புரிஞ்சுடும். மிஷன் பள்ளிகள்ல பெண்களுக்கு தையலும் லேஸும் சொல்லிக் குடுத்த ஊர் நாகர்கோவில், அதனால குப்பாயத்துல தையல் கைத்தையலா, கொஞ்சம் கோணலா, புதுசா கத்துக்கிட்ட கை போட்ட தையலா தெரியட்டும், மிஷின் தையல் போட்டுடாதீங்க, அந்த வருஷங்கள்ல அங்க அது கிடையாது.

துணி கிழிக்கிற சீனுக்கு குப்பாயம் குறைஞ்சது மூணு செட் வேணும். ஒண்ணு முழுசு, ஒண்ணு தோள் தையல பிரிச்சு லேசான நூல்ல சும்மா கோத்து வச்சது, இன்னொண்ணு கிழிஞ்ச பிறகு உள்ளது. நடிக்கிறவங்களுக்கு உள்ள போட்டுக்க உடம்பு கலர்ல ஒண்ணு கண்டிப்பா குடுங்க, செட்ல ஆட்கள குறைக்க சொல்லுங்க. கேமரா கிழிக்கிற கையையும் கிழியுற துணியையும் அவ முகத்தையும் காட்டினா போதும். மார்பு மேல கேமரா போச்சுன்னா நாமளும் அந்த சந்தைல நின்னு வேடிக்கை பாத்தவங்களோட சேந்துடுறோம்.

கேள்வி: வெளிநாட்டு பீரியட் படங்கள்ல எல்லாம் கார்செட்ட இறுக்கி கட்டுற சீன் வருது, அப்புறம் அத கழட்டி எறிஞ்சா விடுதலை. உண்மைலயே அப்படித்தானா? (வாசகி, மதுரை)

பதில்: ஓரளவுதான். முன்பக்கம் உலோக கொக்கி வச்ச கார்செட் 19-ம் நூற்றாண்டு நடுவுல பரவினதுக்கு அப்புறம் பெரும்பாலான பெண்கள் அத தானே போட்டு தானே கழட்டிக்கிட்டாங்க, வேலைக்கு போறவங்களும் போட்டாங்க, எல்லாரும் மூச்சு முட்ட இறுக்கல. சினிமாவுக்கு அந்த சீன் வசதியா இருக்கு, அவ்வளவுதான். 1851-ல அமெரிக்காவுல அமீலியா ப்ளூமர் தன்னோட பத்திரிகைல குட்டை கவுனுக்கு கீழ தொளதொள பேன்ட் போடுறத ஆதரிச்சு எழுதினாங்க, அவங்க பேரே அந்த உடைக்கு ஆயிடுச்சு, ஆனா ஜனங்க உடைய மட்டுமே பேசி கேலி பண்ணதால ஓட்டுரிமை பேச்சு அடிபட்டு போகுதுன்னு அந்த இயக்கத்து பெண்களே சில வருஷத்துல அத விட்டுட்டாங்க.

இங்கிலாந்துல ஓட்டுரிமைக்கு போராடினவங்க இதுக்கு நேர் எதிரா யோசிச்சாங்க. பத்திரிகை கார்ட்டூன்ல அவங்கள ஆம்பளை மாதிரி வரைஞ்சு கேவலப்படுத்தினப்போ அவங்க நல்ல ஃபேஷனா, பெண்மையா உடுத்திக்கிட்டு தெருவுல இறங்கினாங்க. 1908 ஜூன் 21-ம் தேதி லண்டன் ஹைட் பார்க் கூட்டத்துக்கு வெள்ளை உடைல ஊதா, வெள்ளை, பச்சை பட்டை போட்டுக்கிட்டு வந்தாங்க, அந்த மூணு கலர தேர்ந்தெடுத்தது எம்மலின் பெத்திக் லாரன்ஸ். அப்புறம் சோஃபியா துலீப் சிங், பஞ்சாப் மகாராஜா துலீப் சிங்கோட மகள், 1913-ல ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை வாசல்ல ஃபர் வச்ச கோட்ட போட்டுக்கிட்டு இயக்கத்து பத்திரிகைய வித்துக்கிட்டு நிக்கிற போட்டோ ஒண்ணு இருக்கு, தேடி பாருங்க. இளவரசி மாதிரி கோட்டு, தோள்ல பத்திரிகை பை, பக்கத்துல புரட்சின்னு எழுதின போர்டு. இவங்கள படமா எடுத்தா நான் கார்செட்டயே தொட மாட்டேன், அந்த பையோட வார் கோட்டு மேல அழுத்தி அழுத்தி ஃபர் தேஞ்சு போன இடத்தத்தான் டீட்டெயிலா பண்ணுவேன்.

கேள்வி: ரவீந்திரநாத் தாகூர் காலத்து பெண்கள் போட்ட லேஸ் வச்ச பஃப் கை ஜாக்கெட் எனக்கு ரொம்ப பிடிக்கும். அது வெள்ளைக்காரங்கள காப்பி அடிச்சதுதானே, அதுல என்ன விடுதலை? (வாசகி, கோவை)

பதில்: தாகூரோட அண்ணி ஞானதானந்தினி தேவிய பத்தி படிங்க. கணவர் சத்யேந்திரநாத், வெள்ளைக்காரன் ஆட்சில உயர் அதிகாரிகள எடுத்த ஐ.சி.எஸ். பரீட்சை தேறின முதல் இந்தியர். அந்தக் காலத்துல வங்காளத்து வசதியான வீட்டுப் பெண்கள் அந்தப்புரத்துல ஒத்தை மெல்லிசு சேலையோட இருந்தாங்க, அத கட்டிக்கிட்டு வெளிய போகவே முடியாது. 1860-கள்ல கணவரோட பம்பாய் போன ஞானதானந்தினி பார்சி பெண்கள் கட்டுறத பாத்து சேலைய இடது தோள்ல போட்டு, உள்பாவாடை, ஜாக்கெட்டோட ஒரு கட்ட உருவாக்கினாங்க, பத்திரிகைல சொல்லி மத்த பெண்களுக்கும் கத்துக் குடுத்தாங்க. லேஸ் வெள்ளைக்காரங்கள்து தான், ஆனா அந்த ஜாக்கெட்டால அவங்களுக்கு கிடைச்சது தெரு. அதனால இத படத்துல வச்சா டிராயிங் ரூம்ல உக்கார வச்சு காட்டாதீங்க, வாசல்படி தாண்டுற இடத்துல காட்டுங்க.

கேள்வி: எங்க நாடகக் குழுவுக்கு 1940-கள்ல நடக்குற கதை, பத்து பெண் பாத்திரம், கைல காசு கம்மி. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பாலியஸ்டர் கலந்த எதையும் வாங்காதீங்க, 1940-கள்ல நம்ம ஊர்ல அது கிடையாது, லைட் பட்டா பளபளன்னு காட்டிக் குடுத்துடும். ரவிக்கைல ஜிப் வேண்டாம், கொக்கி வைங்க, இல்ல முன்னாடி முடிச்சு போடுற மாதிரி தைங்க. ஈரோட்டு ஜவுளி சந்தைல வெளுக்காத காடா துணிய முழு சுருளா வாங்கி வீட்லயே சாயம் போட்டுக்கலாம். பாட்டிங்ககிட்டேர்ந்து நெஜ பழைய சேலை வாங்கி நடிக்க வைக்காதீங்க, மடிப்புல மடிப்பா நூல் செத்துப் போயிருக்கும், கொசுவம் வைக்கும்போதே கிழியும், அவங்களுக்கும் மனசு கஷ்டம். அத அளவுக்கும் கரைக்கும் மாதிரியா வச்சுக்கிட்டு புதுசு நெய்ததுல பண்ணுங்க. பத்து பேருக்கும் முழு செட் வேணும்னு இல்ல, மாற்றம் வர்ற ரெண்டு பேருக்கு ரெண்டு செட், மத்தவங்களுக்கு ஒண்ணு போதும். காடா துணிய தைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி முழுக்க தண்ணில ஊற வச்சு அலசி காயப் போட்டுடுங்க, அப்படியே தைச்சா முதல் துவைப்புலயே ரவிக்கை கை முழங்கைக்கு மேல ஏறிடும்.